சென்னையில் கத்திரி வெயிலில் திருமண நாள் வருகிறது. ஒரு நாள் எங்கே போகலாம்?

கேட்டவர் சொன்ன விவரம்: மே கடைசி வாரத்தில் முதலாம் ஆண்டு திருமண நாள். வீடு அம்பத்தூரில். கார் இல்லை, பைக் உண்டு. செலவு ஐயாயிரத்துக்குள் இருக்க வேண்டும். மனைவிக்குச் சொந்த ஊர் சேலம், சென்னைப் புழுக்கம் இன்னும் பழகவில்லை. ஒரு நாள்தான் விடுப்பு.

தம்பி, உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை இது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. சித்திரை, வைகாசியில் முகூர்த்தமும் உண்டு, பள்ளி விடுமுறையும் உண்டு. அதனால் தமிழ்நாட்டில் ஏகப்பட்ட பேருக்குத் திருமண நாள் வெயிலோடுதான் வந்து நிற்கிறது. எங்களுக்கும் வைகாசிதான். மண்டைவெளியில் குடியிருந்துகொண்டு ஒவ்வொரு ஆண்டும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிற அனுபவத்தில் சொல்கிறேன். இந்த ஊரில் எங்கே போவது என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த மணிக்கு எங்கே இருப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சொர்க்கமாக இருக்கும் பெசன்ட் நகர் கடற்கரையில் பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் நான்கு அடி வைக்க முடியாது.

ஊட்டி, கொடைக்கானல் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மே மாதத்தில் அங்கே சேரும் கூட்டத்தைத் தாங்க முடியாமல்தான் 2024 மே முதல் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். போக வர இரண்டு இரவு, நடுவில் மலைப்பாதையில் வண்டி வரிசை. விடுப்பு இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான்.

உங்கள் மனைவி சேலத்துக்காரர் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் வெயிலுக்குப் புதியவர் இல்லை. சேலத்திலும் கோடையில் நன்றாகத்தான் காய்கிறது. ஆனால் அங்கே காற்றில் ஈரம் குறைவு, வியர்வை உடனே உலர்ந்துவிடும். இங்கே அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே முதுகில் துணி ஒட்டிக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. அதை உலர்த்துவதற்கு நம்மிடம் இருப்பது காற்றோட்டம் ஒன்றுதான். ஆகவே நிழலைவிடக் காற்றைத் தேடுங்கள்.

அந்தக் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. மே கடைசியில் காலையிலிருந்தே மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும். அனலாக இருக்கும். தரை சூடேறியபின் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரப் பார்க்கும். மேற்குக் காற்று வலுவாக இருக்கிற நாளில் கடற்காற்று தாமதமாக வரும், அன்றுதான் வெயில் மண்டையைப் பிளக்கும். முன்னதாக வந்துவிட்டால் தப்பித்தோம். கடற்கரைக்கு முதலில் வரும், மயிலாப்பூருக்கு அடுத்து, அம்பத்தூருக்கு எட்டும்போது பாதி சக்தி போயிருக்கும். சில நாள் எட்டுவதே இல்லை. எனவே உங்கள் பகுதியிலேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் கிழக்கே வந்துவிடுங்கள்.

கத்திரி 28ஆம் தேதியோடு முடிகிறதே, அதற்குப் பிறகு கொண்டாடினால் தேவலையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பஞ்சாங்கத்தில் முடியும். சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி, அது அடித்த நாள் 2003 மே 31. கத்திரி முடிந்து வீட்டுக்குப் போனபிறகு!

இனி திட்டம். அந்த ஒரு நாளை இரண்டாக வெட்டுங்கள். விடியற்காலையிலிருந்து பதினொன்றரை வரை ஒரு பாதி, மாலை ஐந்துக்குப் பிறகு ஒரு பாதி. நடுவில் இருக்கிற நேரத்தை வெயிலுக்குத் தானமாகக் கொடுத்துவிடுங்கள்.

மே கடைசியில் சூரியன் 5.42 வாக்கில் உதிக்கிறது. அம்பத்தூரிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும், பைக்கில் பெசன்ட் நகர் வந்துவிடலாம். காலையில் ஈரப்பதம் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் அது அதிகம். ஆனால் தலைக்குமேல் வெயில் இல்லை, மணல் இரவெல்லாம் ஆறிக் கிடக்கிறது, அதனால் தாங்கும். நமக்குக் கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க முடியாது. எழுவதைப் பார்க்கலாம். வடக்குப் பக்கமாக ஊரூர்க் குப்பம் வரை நடந்தால் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை பார்க்கலாம். கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம். அந்தக் கடலின் இழுப்பு பார்வைக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில் அந்த நேரத்தில் கல் குளிர்ச்சியாக இருக்கும். பத்து மணிக்கு மேல் போனீர்களானால் சாமி கும்பிடுகிறீர்களா, நடனமாடுகிறீர்களா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். சிற்றுண்டிக்கு மாட வீதிகளைச் சுற்றிப் பழைய மெஸ்கள் இருக்கின்றன. இட்லி, பொங்கல், காபி, இருவருக்கும் சேர்த்து சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்படியே காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். காலையிலேயேவா என்று கேட்கக் கூடாது, திருமண நாள்.

ஒன்பதரைக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் திறக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்கள் தேதி வெள்ளியில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1851இல் தொடங்கிய இடம். பள்ளியில் கூட்டமாக அழைத்துப் போய் டைனோசரைக் காட்டியதோடு நம்மில் பலருக்கும் அதனோடு உறவு முடிந்துவிட்டது. நீங்கள் நேராக வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறார். சோழர் காலத்து வார்ப்பு, பதினோராம் நூற்றாண்டு. அவசரப்படாமல் பாருங்கள். வலப்பக்கம் சிவன், அந்தப் பக்கம் இரண்டு கைகள். இடப்பக்கம் பார்வதி, அங்கே ஒரே கை. சிவன் பக்கத்தில் ஆடை தொடையோடு நின்றுவிடுகிறது, அம்மன் பக்கத்தில் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. நானும் என் கணவரும் அதன் முன்னால் நின்று, அந்த ஒற்றைக் கை யாருடைய வேலையை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வாதம் செய்ததுண்டு. திருமண நாளில் போய்ப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சிலை இந்த ஊரில் இல்லை என்பது என் கட்சி. நுழைவுச் சீட்டு மலிவு, வெயிலும் உள்ளே எட்டாது.

பதினொன்றரைக்கு வெளியே வந்ததும் அடுத்த வேலை, ஓர் அறை. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், உள்ளூரிலேயே எதற்கு அறை, வீண் செலவு என்று. உங்கள் ஐயாயிரத்தில் பாதியை நான் இதற்குத்தான் ஒதுக்குவேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர்ப் பக்கம் நல்ல நடுத்தர ஓட்டல்கள் இருக்கின்றன. பகல் பன்னிரண்டுக்கு அறை எடுத்து, குளித்து, சாப்பிட்டு, ஏசியில் நான்கு மணி வரை தூங்குங்கள். அம்பத்தூருக்குத் திரும்பிப் போய்விட்டு மாலையில் மறுபடி கிளம்பலாம் என்று திட்டம் போட்டால் கிளம்பமாட்டீர்கள். வீட்டில் துவைக்கிற துணி இருக்கும், யாராவது வந்திருப்பார்கள், மாலையும் போய்விடும்.

அறைக்குப் பதில் மால் போகலாமே என்றால், போகலாம். ஆனால் விடுமுறை மாதத்தில் ஊரே அங்கேதான் குளிர்காய்கிறது, இல்லை, குளிரைக் காய்கிறது. உட்கார இடம் கிடைக்காது. நனைந்த ஆடையோடு ஏசியில் மூன்று மணி நேரம் நின்றால் மாலையில் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். சினிமா பரவாயில்லை, மதியக் காட்சிக்குப் போனால் ஒரு துப்பட்டாவையோ மெல்லிய சால்வையையோ கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

மாலைக்கு வருவோம். ஐந்து மணிக்குப் பூ வாங்குங்கள். சென்னைக் கோடைக்கு நான் மன்னிப்பு வழங்குவது ஒரே காரணத்துக்காக: மல்லிகைக்கு இதுதான் பருவம். மலர்ந்த பூவை வாங்காதீர்கள், இறுக்கமாக, வெள்ளையாக மொட்டாக இருப்பதைக் கேளுங்கள். இருட்டும்போது தானே விரியும், அப்போதுதான் மணக்கும். மறுநாள் முகூர்த்தம் என்றால் விலை ஏறியிருக்கும், பேரம் பேசிப் பயனில்லை. இன்னொன்று, பைக்கில் போவதால் உங்கள் மனைவியும் ஹெல்மெட் போட வேண்டும். பூவை வைத்து அதன்மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால் போகிற இடத்தில் கஞ்சிதான் மிஞ்சும். வாழையிலையில் கட்டி வாங்கிக்கொண்டு இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அல்லது பைக்கை ஓட்டலிலேயே விட்டுவிட்டு ஆட்டோ எடுங்கள்.

பட்டுப் புடவைதான் கட்ட வேண்டும் என்று மாமியாரோ அம்மாவோ சொல்லக்கூடும். காலையில் கோயிலுக்குக் கட்டட்டும், பத்து மணிக்கு மேல் வேண்டாம். மாலைக்குப் பருத்திதான். உங்களுக்கும் சேர்த்துத்தான், அந்த ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மொத்தத்தில் ஆளுக்கு இரண்டு மாற்றுடை, ஒரு துண்டு. இந்த ஊரில் மனிதர்களுக்கு வரும் கோபத்தில் பாதி ஈர உடையால் வருவது.

சூரியன் மறைவது ஆறரை வாக்கில். அதற்கு முன்னால் மணலில் இருங்கள், கடற்காற்று வந்து நிலைத்திருக்கும். காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிடுங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறைகிற வேளையில் கடலிலிருந்து நிலா எழும். மறுநாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாக எழும், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பின்னாக அது வருகிறது என்றால், விடுப்பை அந்த நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் நட்சத்திரம் பார்த்துத்தான் நாளைக் கொண்டாடினார்கள், ஆங்கிலத் தேதி என்பது பிற்பாடு வந்த பழக்கம். ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் மணலில் மேசை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றி விருந்து தருகிறோம் என்ற விளம்பரங்கள் வரும். தவிர்த்துவிடுங்கள். அப்படி ஓர் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். காற்று வீசியபோது மெழுகுவர்த்தி அணைந்தது, பரிமாறுகிற பையன் ஓடிவந்து ஏற்றினான். காற்று நின்றபோது மெழுகுவர்த்தி எரிந்தது, நாங்கள் அவிந்தோம். சோற்றில் மணல். பில்லோ கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கில் வந்தது. மொட்டைமாடி உணவகங்களும் எட்டு மணிக்கு முன்னால் வேண்டாம். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். கடற்கரையில் மாங்காய், சுண்டல், சூடாக மிளகாய் பஜ்ஜி என்று கொறித்துவிட்டு, எட்டு மணிக்கு மூடிய ஏசி உணவகம் ஒன்றில் நிதானமாகச் சாப்பிடுங்கள். நல்ல உணவகமாகவே பாருங்கள், அறைச் செலவு போக மீதிப் பணத்துக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

தண்ணீர் விஷயம். தாகம் எடுத்தபின் குடிப்பது இந்த ஈரத்தில் தாமதம். காலையில் இளநீர், கிடைத்தால் நுங்கு, மதியம் உப்புப் போட்ட மோர். நுங்கைத் தோலோடு சாப்பிடச் சொன்னால் கேட்கமாட்டார்கள், தோல் துவர்க்கும். ஆனால் எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஜூனுக்குத் தள்ளிப்போனால் மாலையில் மேற்கே இடி இடித்துத் திடீர் மழை கொட்டலாம், ஒரு குடை இருக்கட்டும். அறையை முன்பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பன்னிரண்டுக்கு முன்னால் பையை வைத்துவிட்டுப் போகலாமா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, இல்லை மின்விசிறி மட்டுமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு ஓட்டல் பாருங்கள்.