மொறிஸ் மைனர் இழுக்கவில்லையா? எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை

கேள்வி: வவுனியாவில் இருக்கிறேன். 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் ஓடிய கார். உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் ஆடாமல் நிற்கிறது. ஆனால் 45 மைலுக்கு மேல் வேகம் ஏறுவதில்லை. கண்டிக்குப் போகும்போது மாத்தளை தாண்டிய ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கவேண்டியிருக்கிறது. பிளக் நான்கும் காய்ந்த கரியாக இருக்கின்றன. புகை இல்லை, ஒயிலும் குறையவில்லை. கார்பரேற்றரைக் கழற்றிக் கழுவியும் மாற்றமில்லை. கராஜில் எஞ்சினைப் போர் பண்ணச் (சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கச்) சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். றிங்கும் சிலிண்டரும் தேய்ந்த எஞ்சின் நீலப்புகை விடும், ஒயில் குடிக்கும், பிளக்கில் ஈரக் கரி படியும். உங்கள் காரில் இவை எதுவுமில்லை. காய்ந்த கரி என்றால் உள்ளே போகும் பெற்றோல் முழுதாக எரியவில்லை, அல்லது தேவைக்கு மேல் போகிறது. நல்ல நிலையில் இருக்கும் 1098 எஞ்சின் 48 குதிரைவலு தரும். மணிக்கு 70 மைலைச் சிரமமில்லாமல் தாண்டும். ஐடிலில் ஒழுங்காக நின்று வேகத்தில் மட்டும் சோர்ந்துபோகும் எஞ்சினில் முதல் சந்தேகம் டிஸ்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் பகுதி) மீதுதான்.

ஆனால் பார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் எழும் அமுக்கம்), அடுத்து டப்பெற் (வால்வு இடைவெளி), பிறகு தீப்பொறி, கடைசியில்தான் கார்பரேற்றர். தீப்பொறியில் குறை இருக்கும்போது கார்பரேற்றரைத் திருகினால், அந்தக் குறைக்கு ஏற்றபடி கலவை அமைந்துவிடும். பிறகு தீப்பொறியைச் சரிசெய்ததும் கலவை பிழையாகிவிடும். அப்படியே சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

தொடங்கும்முன் செலவில்லாத இரண்டு சோதனைகள். ஒருவரை அக்சிலேற்றரை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, பொனற்றைத் திறந்து திறொட்டில் (கார்பரேற்றரின் காற்று வழியைத் திறக்கும் தட்டு) முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த கேபிளோ மிதியடிக்குக் கீழே மடிந்த காப்பெற்றோ பாதித் திறப்போடு நிறுத்திவிடும். பிறகு கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு நான்கு சில்லுகளையும் ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் காரின் தரைத்தட்டுக்குக் கீழே, நீரும் சேறும் படும் இடத்தில் இருக்கிறது. பிறேக் இறுகி நின்றால் எஞ்சினைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள்.

கம்பிரஷனைச் சூடான எஞ்சினில், நான்கு பிளக்கையும் கழற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்துவைத்து அளக்கவேண்டும். 8.5:1 விகித எஞ்சினில் 150 பீ.எஸ்.ஐ. அளவில் வந்தால் நல்லது. அந்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முக்கியம். பத்து வீதத்துக்குள் இருந்தால் போர் பண்ணும் பேச்சையே விட்டுவிடலாம். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கஸ்கெற் போயிருக்கிறது. இந்த எஞ்சினில் வழக்கமாகப் போகும் இடம் அதுதான்.

டப்பெற் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம் (0.30 மி.மீ.). முன்னாலிருந்து எண்ணும்போது 1, 4, 5, 8 எக்ஸோஸ்ற். 2, 3, 6, 7 இன்லெற். எந்த வால்வைச் சரிசெய்யலாம் என்பதற்கு ஒன்பதுக் கணக்கு இருக்கிறது: 8 முழுதாகத் திறந்திருக்கையில் 1ஐயும், 6 திறந்திருக்கையில் 3ஐயும் சரிசெய்யுங்கள். கூட்டினால் எப்போதும் ஒன்பது. அதே நேரத்தில் எட்டு றொக்கர்களும் (வால்வுகளை அழுத்தும் கைகள்) ஒரே உயரத்துக்கு இறங்குகின்றனவா என்றும் கவனியுங்கள். ஒன்று மட்டும் குறைவாக இறங்கினால் கேம்ஷாஃப்ற்றில் (வால்வுகளை இயக்கும் தண்டு) அந்த முகடு தேய்ந்திருக்கிறது.

எக்ஸோஸ்ற் டப்பெற்றுகளில் இடைவெளி அடிக்கடி தானே குறைந்து போகிறதென்றால் அதை இலேசாக எடுக்காதீர்கள். ஈயம் கலந்த பெற்றோலை எண்ணிச் செய்த ஹெட் இது. ஈயமில்லாத பெற்றோலில் வால்வு தன் இருக்கையைத் தின்றுகொண்டு மேலே ஏறும், இடைவெளி மூடும், ஒருநாள் வால்வு மூடாமலே நிற்கும்.

இனித் தீப்பொறி. இதற்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, றோட்டரைப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இந்த எஞ்சினில் அது சுழலும் திசையும் அதுவே. சில பாகை திரும்பி, விட்டதும் வில்லின் இழுப்பில் பழைய இடத்துக்கு வரவேண்டும். அசையாவிட்டாலோ, திரும்பியபின் அங்கேயே நின்றாலோ உள்ளேயிருக்கும் எடைகள் துருவில் இறுகிவிட்டன. உங்கள் காரின் அறிகுறிகள் இதோடு அப்படியே பொருந்துகின்றன: வேகம் கூடக்கூடத் தீப்பொறி முந்தி விழவேண்டும், எடைகள் நகராவிட்டால் அது ஐடிலுக்கான இடத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். அடித்தட்டைக் கழற்றி எடைகளைச் சுத்தம் செய்யுங்கள். றோட்டருக்குக் கீழே தண்டின் நடுவில் இரண்டு மூன்று துளி மெல்லிய ஒயில் விடுங்கள். டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வக்கியூம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டு அசைகிறதா என்றும் பாருங்கள். ஆனால் அது கிழிந்திருந்தால் பாதிப்பது பெற்றோல் செலவைத்தான். ஏற்றத்தில் இழுக்காததற்கு அது காரணமாகாது.

பொயின்ற் (டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின் தொடுமுனை) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். நான்கு முகட்டிலும் அளந்து பாருங்கள், 0.002க்கு மேல் வேறுபட்டால் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது, எத்தனை முறை அமைத்தாலும் நிற்காது. பிளக் இடைவெளி 0.025. பொயின்ற்றை மாற்றினால் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) மாறும், ஆகவே டைமிங் அதற்குப் பிறகுதான். கிராங்க் புலியின் வெட்டு டைமிங் மூடியின் அடியிலுள்ள முனைகளுக்கு நேரே வரும். நீளமான முனை பிஸ்ரன் உச்சத்தில் நிற்கும் புள்ளி, அடுத்தவை 5, 10 பாகை. உச்சத்துக்கு 3 பாகை முன்னால் வெட்டை நிறுத்தி, டிஸ்ரிபியூட்டரின் சிறு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 12 வோல்ட் பல்ப் ஒன்றை இணைத்து, சாவியைப் போட்டு, பல்ப் எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள். ஒக்டேன் (தட்டாமல் எரியும் திறன்) 92 பெற்றோல் போட்டு ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்டால் ஒரு பாகை பின்னுக்கு விடலாம். றோட்டர், கொண்டென்சர் இரண்டையும் நல்ல தரத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள். மலிவான றோட்டர்கள் சூடானதும் தண்டுக்குள் பொறியைக் கசியவிடும்.

கார் யாழ்ப்பாணத்தில் ஓடியது என்பது முக்கியமான தகவல். போரின்போதிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு; தட்டாமல் ஓட டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. அப்படி அமைத்த எஞ்சின் பிறகு பெற்றோலுக்குத் திரும்பும்போது அமைப்பும் திரும்பியதா என்பதை யாரும் எழுதிவைத்திருக்கமாட்டார்கள். அதனால் மேலே சொன்ன 3 பாகையைக் காதால் கணிக்காமல் கட்டாயம் அளந்து வையுங்கள். எஸ்.யூ. கார்பரேற்றரில் பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியையும் சந்தேகியுங்கள், மண்ணெண்ணெய்க்காக அதையும் மாற்றியிருக்கலாம். இந்தக் காரிலுள்ள எச்.எஸ்.2 மாதிரிக் கார்பரேற்றருக்கு உரிய ஊசியின் தலையில் ஏ.என். என்ற எழுத்து இருக்கும். வேறு எழுத்தோ, அரத்தால் தேய்த்த தடமோ இருந்தால் ஊசியையும் ஜெற்றையும் (ஊசி இறங்கும் துளைக்குழாய்) சேர்த்து மாற்றுங்கள்.

கழுவியபோது கார்பரேற்றரின் பிஸ்ரன் அறையில் கீறலோ அழுக்கோ விழுந்திருக்கலாம். பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி, ‘டிக்’ என்ற உலோகச் சத்தத்துடன் உட்காரவேண்டும். இடையில் ஒட்டினால் வேகம் அங்கேயே நின்றுபோகும். கார்பரேற்றரின் மேல்மூடியைத் திறந்து விடும் ஒயில் 20ஆம் தரம். கியர் ஒயில் விட்டால் பிஸ்ரன் சோம்பி ஏறும், கலவையில் பெற்றோல் கூடும். ஜெற்றைக் கார்பரேற்றர் வழியின் அடியிலுள்ள மேட்டுக்கு (பாலம்) சமமாக ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். எஞ்சின் சூடானபின் கார்பரேற்றரின் பக்கத்திலுள்ள தூக்கும் முனையால் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கும்போது வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், உடனே சோர்ந்தால் குறைவு. சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி.

பெற்றோல் பம்ப்பைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். பெற்றோல் போதாத எஞ்சினில் பிளக் வெளுக்கும், கறுக்காது. ஏற்றத்தில் சோக்கை அரை அங்குலம் இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் மட்டும் பம்ப்பையும் ஃபில்ற்றரையும் திறவுங்கள்.

கம்பிரஷன் சோதனை வால்வைக் காட்டினால் ஹெட்டை மட்டும் கழற்றி, எக்ஸோஸ்ற் பக்கம் நான்குக்கும் கடினமான இருக்கை வளையம் அடித்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், படிப்படியாக 40 அடி-இறாத்தல் வரை இறுக்கவேண்டும். 500 மைல் ஓடியபின், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அதே அளவுக்கு மறுபடி இறுக்கி டப்பெற்றையும் திரும்ப அமையுங்கள்.