நாலடித் தொட்டிக்கு எந்த அல்லி?

கேள்வி: மொட்டைமாடியில் 4 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிமெண்ட் தொட்டி கட்டியிருக்கிறோம். காலையில் நாலு மணி நேரம்தான் வெயில் விழும். செவ்வல்லி வைக்க ஆசை. வளருமா? – வாசகி, மதுரை

பதில்: செவ்வல்லி வேண்டாம். இலைகள் 6 அடிக்கு மேல் பரவித் தொட்டியை மூடிவிடும். வெயில் குறைந்தால் பூவும் குறையும். அந்தி சாய்ந்துதான் மலரும் என்பதால், பிற்பகலில் மாடிக்குப் போகிறவர்களுக்கு மூடிய பூதான் தெரியும். உங்களுக்கு ஏற்றது இளநீலப் பூ பூக்கும் 'டாபென்' அல்லி. அரை நிழலிலும் பூக்கும். இலை நடுவிலேயே குட்டிச் செடி விடும். ஒன்று போதும்.

12 அங்குல அகலப் பூந்தொட்டியில் களிமண் கலந்த தோட்ட மண் நிரப்பி, கிழங்கின் நுனி வெளியே தெரிய நடுங்கள். மேலே கூழாங்கல். தேங்காய்நார்த் தூள் மிதக்கும், பச்சைச் சாணம் நீரைப் பாசியாக்கும், இரண்டும் கூடாது. முதலில் சிமெண்ட் தொட்டிக்குள் செங்கல் அடுக்கி, மண்ணுக்கு மேல் 4 அங்குல நீர் நிற்கும்படி பூந்தொட்டியை வைத்து, இலை விட விட 10 அங்குலத்துக்கு இறக்குங்கள். டிஏபி உரம் ஒரு டீஸ்பூனைத் தாளில் மடித்து, மாதமொருமுறை மண்ணுக்குள் ஆழமாகச் செருகுங்கள். நீரில் கசிந்தால் மீன் சாகும்.

புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும். நடுவதற்கு முன் மூன்று நான்கு முறையாவது நீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டுக் கொட்டுங்கள். கொசுவுக்கு நாலைந்து கப்பி மீன்கள்.