வெளி டேக் எங்கே ஏறுகிறது, எங்கே தவறுகிறது? கியூ-இன்-கியூ கேள்வி பதில்

கேள்வி: வாடிக்கையாளர் விலேன் டேக் போட்டுத்தான் அனுப்புகிறார். அதன்மேல் இன்னொன்று எதற்கு சார்?

பதில்: விலேன் என்பது ஒரே கேபிளில் ஓடும் பல நெட்வொர்க்குகளைப் பிரித்து வைக்கும் முறை; எந்த விலேன் என்று ஃபிரேமில் ஒட்டும் குறிதான் டேக். விலேன் எண்ணுக்கு 12 பிட்தான்; பயன்படுபவை 4094. இரண்டு வாடிக்கையாளர்கள் விலேன் 10 வைத்திருந்தால், சேவை வழங்கும் நம் நெட்வொர்க்கில் கலந்துவிடும். ஒருவருக்கு 501, மற்றவருக்கு 502 என்று வெளி டேக் கொடுத்துவிட்டால், உள்ளே எந்த எண் இருந்தாலும் நடு சுவிட்சுகள் கண்டுகொள்ளாது. டேக் மேல் டேக் போடும் இந்த முறைதான் கியூ-இன்-கியூ.

கேள்வி: எந்தப் போர்ட்டில் எதைப் போடுவது?

பதில்: வாடிக்கையாளர் கேபிள் வரும் போர்ட்டை டன்னல் மோடில் (வரும் ஃபிரேம்மேல் வெளி டேக் ஏற்றும் நிலை) வைத்து, வெளி டேக் எண்ணாக அக்சஸ் விலேன் 501 கொடுங்கள். அவர் பக்கம் ட்ரங்க்காகவே (பல விலேன்கள் டேக்குடன் போகும் இணைப்பு) இருக்கட்டும். நம் மைய நெட்வொர்க்கை நோக்கிய போர்ட் ட்ரங்க். அதில் 501ஐ அனுமதியுங்கள். மறுமுனை டன்னல் போர்ட்டில் வெளி டேக் தானாகக் கழன்றுவிடும்.

கேள்வி: பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: கூடுதலாக ஏறிய 4 பைட்தான் காரணம். டேக் இல்லாத ஃபிரேம் 1518 பைட், ஒரு டேக்குடன் 1522, இரண்டுடன் 1526. வழியில் ஒரே ஒரு சுவிட்சில் எம்டியூ (ஹெடர் போக ஒரு ஃபிரேம் சுமக்கும் உச்ச அளவு) 1500 என்று நின்றாலும் ஃபிரேம் அங்கேயே விழும். லேயர் 2 (ஐபிக்குக் கீழே உள்ள ஃபிரேம் அடுக்கு) என்பதால் அனுப்பியவருக்குத் தகவலும் வராது. டிஎஃப் பிட் (துண்டாக்காதே என்ற குறி) வைத்து 1472 பைட் பிங் (ஹெடர்களுடன் 1500) அடியுங்கள். 1468 போய் 1472 போகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். எல்லா சுவிட்சிலும் குறைந்தது 1504 ஆக்குங்கள்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளரின் டிராஃபிக் இன்னொருவரிடம் போய்விட்டது! எப்படி நடக்கும்?

பதில்: முதலில் ட்ரங்க்கின் நேட்டிவ் விலேனை (ட்ரங்க்கில் டேக் இல்லாமல் போகும் விலேன்) பாருங்கள். அதுவும் 501 என்றால், நேட்டிவ் விலேன் ஃபிரேமுக்கு டேக் போடக்கூடாது என்ற விதிப்படி சுவிட்ச் வெளி டேக்கைச் சேர்க்காமலே அனுப்பிவிடும். உள்ளே வாடிக்கையாளர் போட்ட டேக் 502 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சுவிட்சின் கண்ணில் படுவது அந்த 502 மட்டுமே. அதை நம் 502 என்று எண்ணி, அந்த எண்ணுக்குரிய வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எந்த அலாரமும் அடிக்காது. இந்த வேலையில் மிக ஆபத்தான பிழை இதுதான். நேட்டிவ் விலேனுக்கும் டேக் போடும் கட்டளையை எல்லா சுவிட்சிலும் கொடுங்கள். கூடவே நேட்டிவ் எண்ணை யாருக்கும் ஒதுக்காத ஒன்றாக மாற்றுங்கள். இரண்டில் ஒன்று போதும்; இரண்டையும் செய்தால் நிம்மதி.

கேள்வி: வேறு கம்பெனி சுவிட்சுடன் இணைத்தால் எதுவுமே போகவில்லையே?

பதில்: டிபிஐடி (டேக் எந்த வகை என்று சொல்லும் 2 பைட் மதிப்பு) பொருந்தவில்லை. கியூ-இன்-கியூவுக்கான தரம் 802.1ஏடி சொல்வது 88ஏ8. பல சுவிட்சுகள் வெளி டேக்குக்கும் 8100 போடும். பழையவற்றில் 9100 உண்டு. ஃபிரேமைப் பிடித்து, மேக் முகவரிகள் இரண்டையும் தாண்டி வரும் 2 பைட்டைப் பாருங்கள். இரு முனையிலும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும்.

கேள்வி: வாடிக்கையாளரின் எஸ்டிபி (லூப்பைத் தடுக்கும் புரோட்டோகால்) கடந்து போகுமா?

பதில்: தானாகப் போகாது. லேயர் 2 புரோட்டோகால் டன்னலிங்கை இரு முனையிலும் இயக்குங்கள். இல்லாவிட்டால் அவருடைய ஒவ்வொரு கிளையும் தனக்கென ஒரு ரூட்டை (தலைமை சுவிட்சை) தேர்ந்துகொள்ளும். கிளைகளுக்கு நடுவே இரண்டாவது இணைப்பு இருந்தால் லூப்தான் (ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றும்).

கேள்வி: குரல் அழைப்பு மட்டும் விட்டு விட்டுக் கேட்கிறது?

பதில்: உள் டேக்கின் முன்னுரிமை 3 பிட்டை வெளி டேக்குக்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். நடு சுவிட்ச் வெளி டேக்கைத்தான் படிக்கும். அதில் 0 இருந்தால் குரலும் டவுன்லோடும் ஒரே வரிசையில் நிற்கும்.