இளையோர் விளையாட்டு மன்றங்களுக்குத் தரச்சான்று: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மன்றத்தில் நாற்பது பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். பயிற்சி தருபவர்கள் எல்லோரும் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். எங்களைப் போன்ற சிறிய மன்றத்துக்கும் தரச்சான்று தேவையா?

பதில்: சட்டப்படி கட்டாயமா என்பது உங்கள் நாட்டையும் நீங்கள் நடத்தும் விளையாட்டையும் பொறுத்தது. ஆயினும் சான்றுக்காகச் செய்ய வேண்டிய வேலைகள், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எந்த மன்றமும் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டியவை. ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பு 2002-இல் தொடங்கிய கிளப்மார்க் என்ற தரச்சான்றுத் திட்டமானது பயிற்சித் திட்டம், பிள்ளைகளின் நலனும் பாதுகாப்பும், சுற்றுவட்டார மக்களோடு மன்றத்துக்குள்ள உறவு, நிர்வாகம் ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்த்தது. வேறு பெயர்களில் நடக்கும் திட்டங்களும் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே கேள்விகளை அமைக்கின்றன.

சிறிய மன்றத்தில் எல்லாமே யாராவது ஒருவரின் நினைவில் இருக்கும். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, யாரை யார் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் ஒரு வாரம் வராவிட்டால் அவ்வளவும் அவரோடு போய்விடுகிறது. எனவே விண்ணப்பிக்கும் முன்பே உறுப்பினர் படிவம், வருகைப் பதிவேடு, அவசரத் தொடர்பு எண்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தலைமைப் பயிற்சியாளரை இருபது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரியும். அவரிடம் போய்க் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்பது அவமதிப்பாகாதா?

பதில்: இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, நல்ல மனிதர்கள் மனம் நோகக் கூடாது என்ற எண்ணத்தில்தான் பல மன்றங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. விதியை எல்லோருக்கும் பொதுவாக்கி, செயலாளரும் தலைவரும் முதலில் தங்கள் சான்றுகளைக் கொடுத்துவிட்டால் அது ஒருவரைக் குறிவைத்ததாக இராது. நீண்ட காலம் பழகியவர் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதமும் ஆகாது. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் ஏற்கெனவே அறிமுகமானவர்களே என்பதும், அந்த நம்பிக்கையே அவர்களுக்கு வழி திறந்துவிடுகிறது என்பதும் இத்துறையில் பணியாற்றும் எவரும் அறிந்த உண்மை.

காவல்துறைச் சரிபார்ப்பு, ஏற்கெனவே பிடிபட்டவரை மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே அந்த ஒரு தாளை வாங்கிக் கோப்பில் வைத்ததோடு கடமை முடிந்ததாகக் கருத வேண்டாம். முன்பு பணியாற்றிய இடத்தில் நேரில் விசாரிப்பது, புதியவரைச் சில மாதங்கள் வேறொருவரின் பார்வையில் பயிற்சி தரச் செய்வது, எந்தப் பெரியவரும் பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது என்ற விதி, வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் செல்வது ஆகியவையே நாள்தோறும் காவல் காப்பவை. உண்மையான அக்கறையுள்ள பயிற்சியாளர் இவற்றை எதிர்ப்பதில்லை. வீண்பழியிலிருந்து அவரையும் இவை காக்கின்றன.

கேள்வி: எங்கள் மூத்த அணியில் 16, 17 வயதினர் ஆடுகிறார்கள். அவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்துமா?

பதில்: பொருந்தும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 18 வயது நிரம்பாதவர்களைப் பொதுவாகக் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அணியில் யாருக்கு இடம் என்று முடிவு செய்பவரின் கையில் அந்த வயதுப் பிள்ளையின் எதிர்காலமே இருப்பதாகத் தோன்றும். மறுத்துப் பேச நா எழாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022-இல் சட்டத்தைத் திருத்தி, தம்மிடம் பயிலும் 16, 17 வயதினரோடு விளையாட்டுப் பயிற்சியாளர் பாலுறவு கொள்வதைக் குற்றமாக்கியது இந்த அதிகார ஏற்றத்தாழ்வைக் கருதியே.

கேள்வி: பிள்ளைகளின் நலப் பொறுப்பாளராகத் தலைமைப் பயிற்சியாளரின் மனைவியை நியமித்திருக்கிறோம். மதிப்பீட்டாளர் இதை ஏற்பாரா?

பதில்: அவர் எவ்வளவு தகுதியுள்ளவராக இருந்தாலும் ஏற்பது கடினம், நானாக இருந்தால் மாற்றச் சொல்வேன். தலைமைப் பயிற்சியாளரைப் பற்றியே ஒரு பிள்ளைக்குக் குறை இருந்தால் அதை அவர் மனைவியிடம் எப்படிச் சொல்லும்? பயிற்சி தராத, அணித் தேர்வில் பங்கில்லாத ஒருவரை நியமியுங்கள். அவருக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கிடைக்கச் செய்யுங்கள். புகார் வந்தால் உண்மை பொய்யைக் கண்டுபிடிப்பது அவர் வேலையன்று. பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் சொற்களிலேயே, தேதி நேரத்துடன் அன்றே எழுதி, உரிய அரசுத் துறையிடமோ காவல்துறையிடமோ சேர்ப்பதே அவருக்குரிய பணி. ‘நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்’ என்று நிர்வாகக் குழு உட்காருவதுதான் நான் கண்டவற்றில் மிகக் கொடிய தவறு.

கேள்வி: வெற்றி பெற்ற பிள்ளைகளின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

பதில்: பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடும் பிள்ளையின் சம்மதத்தோடும் போடலாம். முழுப் பெயர், பள்ளி, பயிற்சி நேரம் ஆகியவற்றைப் படத்தோடு சேர்க்க வேண்டாம். பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனிச்செய்தி அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்தி, பெற்றோரும் உள்ள குழுவில் மட்டும் செய்தி பகிரச் செய்யுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டாளர் நேரில் வந்தால் எதைப் பார்ப்பார்?

பதில்: கோப்புகளைப் பார்ப்பார், ஆனால் மதிப்பீட்டாளராக நான் முதலில் மைதானத்துக்குத்தான் போவேன். ஒருமுறை எல்லா ஆவணங்களும் ஒழுங்காக இருந்த ஒரு மன்றத்தில் முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். பெட்டி அலமாரியில் இருந்தது, அலமாரி பூட்டியிருந்தது, சாவி அன்று விடுப்பிலிருந்த பயிற்சியாளரின் வீட்டில் இருந்தது. மைதானத்தில் அப்போது முப்பது பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையை என்ன செய்வீர்கள் என்றும் தவறாமல் கேட்பேன். ‘சற்று உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், சரியானால் ஆடட்டும்’ என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன், அது தவறு. மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே பிள்ளை அன்று மறுபடி ஆடக் கூடாது. நினைவு தப்பாமலே மூளையதிர்ச்சி நேரலாம். சில அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். ஆதலால் பெற்றோரிடம் அடிபட்ட விவரத்தைச் சொல்லி, மருத்துவரிடம் காட்டச் செய்து, விபத்துப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். நகர்த்தக்கூடிய கோல் கம்பங்கள் தரையோடு பிணைக்கப்பட்டுள்ளனவா என்பதும் என் பட்டியலில் உண்டு. அவை கவிழ்ந்து பிள்ளைகள் உயிரிழந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

கேள்வி: சான்று வாங்கினால் காப்பீடு தேவையில்லையா?

பதில்: தேவை. இரண்டும் வெவ்வேறு. தன்னார்வலர்களும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் (மன்றத்தின் செயலால் பிறருக்கு நேரும் காயத்துக்கோ சேதத்துக்கோ தர வேண்டிய இழப்பீட்டை ஏற்பது) வரம்புக்குள் வருகிறார்களா என்று ஆவணத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒருமுறை சான்று கிடைத்தால் போதுமா, மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலான சான்றுகளுக்குக் காலவரம்பு உண்டு, இடையில் ஆண்டுதோறும் நிலையறிக்கை கேட்பதும் உண்டு. 2014-இல் வெளியான, விளையாட்டில் குழந்தைகளுக்கான பன்னாட்டுப் பாதுகாப்பு நெறிகள் எட்டு. கண்காணிப்பும் மதிப்பீடும் அவற்றில் ஒன்று. தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு மறுமதிப்பீட்டின்போது கண்கூடாகக் கண்டேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியிடம், மனத்துக்குப் பிடிக்காத ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் அறிவிப்புப் பலகையில் இருந்த நலப் பொறுப்பாளரின் படத்தைச் சுட்டிக்காட்டினாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு அவளே, “ஆனால் அந்த அக்கா இப்போது வருவதில்லை” என்றாள். அந்த மன்றத்தின் சான்றை, புதிய பொறுப்பாளர் பயிற்சி முடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரில் அறிமுகமாகும்வரை நான் புதுப்பிக்கவில்லை.