பிளவுஸ் அளவைச் சொல்லி பிரா வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிராவைக் கழற்றினால்தான் மூச்சே வருகிறது. இரண்டு தோளிலும் பள்ளம் விழுந்து கறுத்துவிட்டது. முதுகில் பட்டை மேலே ஏறிக்கொள்கிறது. போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் முன்பக்கமும் நழுவி மேலே வருகிறது. வெயில் காலத்தில் மார்புக்கு அடியில் அரிப்பு, எரிச்சல். பல வருடங்களாக 38 பி-தான் வாங்குகிறேன்; என் பிளவுஸ் அளவும் 38. ஸ்ட்ராப்பை இறுக்கிப் பார்த்தேன், விலை கூடியதை வாங்கிப் பார்த்தேன், பலனில்லை. வயர் வைத்ததைப் போட்டால் புற்றுநோய் வரும் என்று ஓரகத்தி பயமுறுத்துகிறார். என்னதான் செய்வது?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கோளாறு எங்கே என்பதை உங்களை அறியாமல் நீங்களே எழுதிவிட்டீர்கள்: "என் பிளவுஸ் அளவும் 38."

டெய்லர் தன் நோட்டில் 38 என்று குறித்துக்கொள்கிறாரே, அது மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி டேப் வைத்து எடுத்த அளவு. பிராவில் போட்டிருக்கும் எண் வேறு. மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி ஓடுகிற பட்டைக்கான எண் அது. மார்பகத்துக்கு உரியது பக்கத்தில் இருக்கும் எழுத்து. பட்டை எண்ணைவிட மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலம் கூடுதல் என்பதைத்தான் ஏ, பி, சி, டி சொல்கிறது: ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று சி, நான்கு டி.

இன்று ராத்திரியே தையல் டேப்பை எடுங்கள். பேட் இல்லாத மெல்லிய பிராவோடு, அல்லது எதுவும் போடாமல், கண்ணாடி முன்னால் நில்லுங்கள். மூச்சை வெளியே விட்டுவிட்டு மார்பகத்துக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றிச் சற்று இறுக்கமாகப் பிடியுங்கள். முதுகில் டேப் இறங்காமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மகளோ அக்காவோ பின்னால் பிடித்தால் நல்லது. அது கீழ்ச்சுற்று. அப்புறம் எடுப்பான இடத்தில், இறுக்காமல், இன்னொரு அளவு.

ஒரு பேச்சுக்கு உங்கள் கீழ்ச்சுற்று 30 என்று வையுங்கள். இங்கே கிடைக்கும் பெரும்பாலான பிராக்களுக்குக் கணக்கு இதுதான்: கீழ்ச்சுற்று இரட்டைப்படையாக வந்தால் 4 கூட்டுங்கள், ஒற்றைப்படை என்றால் 5. உங்களுக்கு 34. மார்புச் சுற்றளவு 38. வித்தியாசம் நான்கு. ஆக, நீங்கள் 34 டி.

எதற்காக 4 கூட்ட வேண்டும், 30 என்றே போட்டுத் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். இந்த எண் ஒரு பெயர் மாதிரி ஆகிவிட்டது, அளவு என்று நினைத்தால் குழம்பிப் போவோம். பல நாட்டு அளவுகளையும் சேர்த்து அச்சிடும் லேபிள் கிடைத்தால் பாருங்கள், 34க்குப் பக்கத்தில் ஐரோப்பிய அளவு 75 என்று இருக்கும். 34 அங்குலம் 86 சென்டிமீட்டர் அல்லவா, 75 எப்படி வந்தது? அந்த 75தான் உண்மையான கீழ்ச்சுற்று. உங்கள் 30 அங்குலம் 76 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அதே 75. கணக்கு பிடிக்காதவர்கள் கீழ்ச்சுற்றைச் சென்டிமீட்டரில் எடுத்து 70, 75, 80 எது பக்கமோ அதைத் தேடலாம். 70 என்றால் 32, 75 என்றால் 34, 80 என்றால் 36. எழுத்து மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்று முன்னே பின்னே போகும். அதற்கு அந்தந்த அட்டைப்பெட்டியில் உள்ள அட்டவணைதான் பேச்சு.

இத்தனை வருடம் 38 பி உங்களை ஏமாற்றியதற்கும் காரணம் இருக்கிறது. டி கப் என்பது எல்லா எண்ணிலும் ஒரே பருமன் கிடையாது. பட்டை எண் கூடக்கூட, அதே எழுத்தின் கப்பும் பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் 34 டி, 36 சி, 38 பி மூன்றிலும் கப்பின் கொள்ளளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் முன்பக்கம் சரியாகத்தான் தெரியும். பின்னால் பட்டை நான்கு அங்குலம் தொளதொளத்துக் கிடப்பது கண்ணில் படாது. மார்பின் பாரத்தைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதற்கும், கயிறு கட்டித் தோளில் தொங்கவிட்டு நடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் பட்டை தளர்ந்து கிடப்பதால் பாரம் முழுவதும் இரண்டு ஸ்ட்ராப்பில் தொங்குகிறது. நீங்கள் ஸ்ட்ராப்பை இறுக்க இறுக்க அது முதுகுப் பட்டையை இன்னும் மேலே இழுக்கும், தோளில் பள்ளம் ஆழமாகும்.

சரி, கடைக்குப் போவோம். சின்ன ஊர்க் கடைகளில் 34 டி கேட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு நடந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டி எல்லாம் ரொம்பப் பெருசும்மா, உங்களுக்கு வராது. 38 பி எடுத்துக்கோங்க, ஹூக்கை உள்ளே தள்ளிப் போட்டா சரியாயிடும்" என்றார். அவரிடம் டி இல்லை, அவ்வளவுதான் விஷயம். கூட்டத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்ததில் நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் தண்டம். என் அத்தை தலைமுறையில் வெள்ளைத் துணி வாங்கிக் கொடுத்து டெய்லரிடம் 'பாடி' தைத்துக்கொள்வார்கள்; பார்க்க ஒன்றுமில்லாவிட்டாலும் அவரவர் உடம்பை அளந்து தைத்ததாக இருந்தது. நமக்கு லேஸும் நிறமும் கிடைத்திருக்கிறது, அளப்பதற்குத்தான் ஆளில்லை.

ஆகவே அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 34 டி இல்லையென்றால் 36 சி கேளுங்கள். அதற்கு மேல் இறங்கி வராதீர்கள். போட்டுப் பார்க்க இடம் தரும் கடை விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ கிடைத்தால் நல்லது; முதல் தடவை ஒன்றே ஒன்று வாங்குங்கள், சலுகையில் மூன்று வருகிறது என்று மூன்றையும் தூக்கிவராதீர்கள்.

புதிதைப் போடும்போது கடைசி ஹூக்கில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டுங்கள். எலாஸ்டிக் நாளாக ஆகத் தளரும், அப்போது உள்ளே போக இரண்டு வரிசை கையில் இருக்கும். வாங்கிய அன்றே உள் வரிசைக்குப் போக வேண்டியிருந்தால் அது உங்கள் அளவு இல்லை. மாட்டியபின் லேசாக முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் சதையையும் கையால் கப்புக்குள் கொண்டுவாருங்கள். நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை. செய்தபின் கப் விளிம்பில் சதை பிதுங்கினால் எழுத்தை ஒன்று கூட்ட வேண்டும், கப் சுருங்கி மடிந்தால் ஒன்று குறைக்க வேண்டும். அடுத்து, போர்டில் எழுதுவது போல இரண்டு கைகளையும் தூக்குங்கள். பட்டை அசையக் கூடாது. ஸ்ட்ராப் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைந்தால் போதும், முழுக் கையும் நுழைந்தால் பெரிது. முதல் இரண்டு நாள் இறுக்கமாகத்தான் தோன்றும், தொளதொளப்பே பழகிவிட்டதால். ஆனால் மூச்சு முட்டினாலோ தோல் சிவந்து வலித்தாலோ பொறுத்துக்கொள்ள வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மார்புக்கு அடியில் எரிச்சல் என்பது வியர்வை தேங்கும் மடிப்பில் வருவது, பெரும்பாலும் அதோடு பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொள்ளும். பட்டை சரியாக அமர்ந்தால் தோலோடு தோல் ஒட்டுவது குறையும், அதுவே பாதி நிவாரணம். குளித்ததும் அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்கள். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கிடைப்பவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை; இரண்டு நாள் அடங்கினாற்போல் இருந்து பிறகு பரவும். தோல் மருத்துவரைப் பாருங்கள், திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரகத்தியிடம் சண்டை வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 1,500க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்தார்கள். எத்தனை மணி நேரம் போடுகிறார்கள், வயர் உண்டா, எந்த வயதில் ஆரம்பித்தார்கள் என்று எல்லாம் கேட்டும் மார்பகப் புற்றுநோயோடு ஒரு தொடர்பும் தெரியவில்லை. வயர் குத்தினால் அது அளவு தவறு என்பதற்கான அடையாளம், அவ்வளவே. கட்டியோ காம்பில் மாற்றமோ தெரிந்தால் மட்டும், போடுகிற பிரா எதுவாக இருந்தாலும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

துவைப்பது பற்றி ஒன்றுதான். முறுக்கிப் பிழியாதீர்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று துண்டுக்கு அடியில் ஈரத்தோடு ஒளித்து வைக்கவும் வேண்டாம். எலாஸ்டிக்குச் சுடு வெயில் ஆகாது, காற்றோட்டமான நிழல் போதும்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி கடிதம் எழுதுவீர்கள். பிரா சரியானதும் மார்பு நிற்கும் இடம் சற்று மேலே போகும். பழைய பிளவுஸில் டாட் பிடித்த இடம் ஒத்துப்போகாமல் முன்பக்கம் சுருக்கம் விழலாம். அதைப் பார்த்துவிட்டு, புது பிராதான் சரியில்லை என்று பழையதற்குத் திரும்பிவிடாதீர்கள். தீபாவளிக்குத் தைக்கக் கொடுக்கும்போது 'அளவு பிளவுஸ்' என்று பழையதைக் கொடுத்துவிட்டு வராமல், புது பிராவைப் போட்டுக்கொண்டு போய் நேரில் அளவு கொடுங்கள்.