பெயர்ப்பலகையில் எந்தப் பிரிவும் இல்லை, டீச்சர்

இலங்கை மலையகத்தில் பெருகிவரும் புதிய கிறிஸ்தவ சபைகளைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா உபதேசியாராக இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, எல்லா வகைச் சபைகளுக்கும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அட்டனில் கடை வைத்திருக்கும் தம்பி: எங்கள் தெருவில் ஒரு மாடியில் புதுச் சபை வந்திருக்கிறது. மெதடிஸ்டா, அங்கிலிக்கனா என்று கேட்டால், "நாங்கள் எந்தப் பிரிவும் இல்லை, கிறிஸ்தவர்கள் மட்டும்" என்கிறார்கள். அப்படியும் உண்டா?

உண்டு தம்பி. பேராயர், தலைமையகம் என்று யாருக்கும் கீழே வராத சபைகள் அவை. அல்லேலூயாக்காரர் என்று எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம், அது சரியில்லை. வெள்ளை உடுப்புக்கார பெந்தெகொஸ்தே மிஷன் 1920களில் பாஸ்டர் பால் இலங்கையிலேயே தொடங்கியது. அதற்கு இறுக்கமான தலைமை உண்டு. அசெம்பிளீஸ் ஒஃப் கோட் உலகம் முழுக்கப் பரந்த அமைப்பு. உங்கள் மாடிச் சபை இரண்டிலும் சேராது.

அமெரிக்காவில் 2020இல் எடுத்த சமயக் கணக்கெடுப்பில் இப்படிப் பிரிவு சாராத சபைகள் 44,319 இருந்தன. அவற்றில் 2 கோடியே 10 இலட்சம் பேர். அங்குள்ள பெரிய பிரிவான தென் பாப்டிஸ்டுகளை விடவும் அதிகம். அதற்காக இதை அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1857இல் திருநெல்வேலிச் சீமையில் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிமாரோடு முரண்பட்டுத் தனியாக இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். 1860இல் அதே சீமையில் அருளப்பன் என்பவர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களில் சனங்கள் அந்நியபாஷை பேசினார்கள். பஞ்சாபில் சீக்கியராகப் பிறந்த பக்த் சிங் 1941இல் சென்னையில் மிஷன்களைச் சாராத சபையை நிறுவினார். வெள்ளைக்காரத் தலைமை இல்லாமலே வேதத்தை வைத்துக் கும்பிடலாம் என்ற எண்ணம் தமிழருக்கு 160 வருடத்துக்கு மேல் பழசு.

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா: பாட்டன் காலத்து வேதக் கோயிலில் இப்போது ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேர்தான். பிள்ளைகள் எல்லாம் புதுச் சபைக்குப் போகிறார்கள். நாங்கள் என்ன குறை வைத்தோம்?

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு அக்கா. ஆனால் உண்மையைப் பேச வேண்டும்.

நம் கோயில்கள் எப்படி வந்தன? 1854இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு மிஷன்காரர் தொடங்கியதற்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். அந்தப் பெயரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எழுதியிருக்கிறது. டிக்கோயா வார்லியில் 1878இல் கட்டிய கோயிலுக்குப் போனால் அழகில் மனம் நிறையும். முற்றத்துக் கல்லறைகளில் இருப்பது துரைமாரின் பெயர்கள்.

தாத்தா சொல்வார், அந்தக் காலத்தில் கங்காணி வேதத்துக்கு வந்தால் அவர் ஆட்களும் கூடவே வருவார்கள், அவர் போனால் போய்விடுவார்கள் என்று. தனி ஆளின் முடிவு என்று ஒன்று இருக்கவில்லை. பிறகு 1948இல் நம் தோட்ட சனங்களின் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கினார்கள். அதையும் நம்மிடம் கேட்கவில்லை. வேலையில் துரை, சங்கத்தில் தலைவர், வீட்டில் புருஷன் என்று எல்லாரும் சொல்லக் கேட்டே வாழ்ந்த ஒரு பெண்ணிடம், லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) ஜெபக்கூட்டத்தில் ஒருவர் மைக்கைக் கொடுத்து, "நீங்கள் சாட்சி சொல்லுங்கள்" என்கிறார். அவள் பேசுகிறாள், முப்பது பேர் கேட்கிறார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கொழுந்து பறித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. நம் குருவானவருக்குப் பத்துத் தோட்டம், எங்கள் முறை மாதம் ஒரு தடவை. புதுச் சபைப் பாஸ்டர் அடுத்த லயத்தில் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு இரண்டு மணிக்கும் வந்து முழங்காலில் நிற்கிறார். குடிக்கிற புருஷனைத் தேடிப்போய்ப் பேசுகிறார். பழைய சபைகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் என்பவர் 1972இல் கண்டியில் சத்யோதயா என்ற அமைப்பைத் தொடங்கித் தோட்ட சனங்களுக்காகப் பாடுபட்டார். அப்படிப்பட்டவர்கள் நமக்குப் போதவில்லை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: மகன் கொழும்பில் வேலை. எந்தச் சபைக்கும் போவதில்லை. "எனக்கும் இயேசுவுக்கும் நடுவில் யாரும் வேண்டாம்மா" என்று யூடியூப்பில் பிரசங்கம் மட்டும் கேட்கிறான்.

1980களில் அமெரிக்க சமூகவியலாளர் ரொபர்ட் பெல்லாவும் கூட்டாளிகளும் பேட்டி கண்ட ஒரு தாதி, கடவுளை நம்புகிறேன், கோயிலுக்குப் போய் நாளாயிற்று, என் மதம் என்னுடையது என்று சொல்லித் தன் பெயரையே அதற்கு வைத்தார். உங்கள் மகனும் அந்த வழியில்தான். அவனோடு சண்டை பிடிக்காதீர்கள். ஒன்றை மட்டும் கேளுங்கள்: நீ போர்டிங்கில் காய்ச்சலாகப் படுத்தால் அந்த யூடியூப் பாஸ்டர் கஞ்சி கொண்டுவருவாரா? சபை என்றால் பிரசங்கம் மட்டும் இல்லை என்று அவனுக்கு அதிலேயே விளங்கும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு இளைஞர்: பால்மாப் பக்கற்றுக்கு மதம் மாற்றுகிறார்கள் என்கிறார்களே?

பட்டினியோடு இருப்பவரிடம் சாமானைக் காட்டி மதம் பேசுவது பாவம், எந்தச் சபை செய்தாலும். ஆனால் நான் அறிந்தவர்களில் அதற்காகப் போனவர் சிலர்தான். பக்கற் முடிந்ததும் திரும்பிவிட்டார்கள். தங்கியவர்கள் நோய், குடி, தனிமைக்காகப் போனவர்கள். இந்தக் குற்றச்சாட்டை வைத்து 2004இல் ஜாதிக ஹெல உறுமய என்ற கட்சி மதமாற்றத் தடை மசோதா கொண்டுவந்தது. அதில் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, மசோதா நிறைவேறவில்லை.

பதுளையிலிருந்து: வீட்டில் ஜெபம் வைக்க அனுமதி வேண்டுமா?

அரசியலமைப்பின் 14(1)(உ) உறுப்புரை தனித்தும் சேர்ந்தும், பொது இடத்திலும் தனி இடத்திலும் வழிபட உரிமை தருகிறது. 2008இல் வந்த சுற்றறிக்கை புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டுவதைப் பற்றியது. அதைக் காட்டி வீட்டு ஜெபத்தை நிறுத்தச் சொன்னால், எழுத்தில் கேட்டு வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அயல் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கர் போட வேண்டாம்.

புசல்லாவையிலிருந்து ஒரு மகள்: அம்மா சபைக்குப் போகிறார், அப்பா மாரியம்மன் கோயில் கமிட்டியில். நாளைக்கு ஒன்று நடந்தால் எப்படி எடுப்பது?

இதை நான் பார்த்திருக்கிறேன் மகள். எங்கள் தோட்டத்தில் சபைக்குப் போன ஒரு பாட்டி இறந்தபோது, தப்பு மேளம் அடிக்கக்கூடாது என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். குழி வெட்டியது, பந்தல் போட்டது, தேத்தண்ணீர் ஊற்றியது எல்லாம் லயத்துச் சைவக்காரர். அவர்கள் வீட்டு வாசலுக்கு வராமல் ரோட்டில் தள்ளி நின்றார்கள். நாற்பது வருடம் பக்கத்தில் இருந்தவளை ஊமையாக அனுப்புவதா என்று ஒரு கிழவர் அழுதார். மூத்த மகன்தான் கடைசியில் ஒரு வழி சொன்னார்: லயத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை தப்பு, அங்கிருந்து மயானம் வரை ஞானப்பாட்டு. பாஸ்டருக்குக் கோபம். நான் மகன் செய்தது சரி என்கிறேன். விசுவாசம் அவளுடையது, அவளைத் தூக்கிப் போன தோள்கள் லயத்தாருடையவை. அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கும்போதே இருவரையும் உட்காரவைத்து இதைக் கேட்டு வையுங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து, 12 குடும்பங்களோடு வீட்டில் சபை நடத்தும் தம்பி: நான் எந்த அமைப்பிலும் இல்லை. ஒழுங்காக நடத்த முதலில் என்ன செய்யலாம்?

இப்படிக் கேட்டதற்கே சந்தோஷம். உங்களுக்கு மேலே யாரும் இல்லை, தம்பி. நீங்கள் தவறினால் கேட்கவும் யாரும் இல்லை. அதனால் உறவினர் அல்லாத இரண்டு பேரிடம், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், காணிக்கைக் கணக்கை ஒவ்வொரு மாதமும் கொடுங்கள். மருந்தை நிறுத்து என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கல்யாணம் என்றால் பதிவாளரிடம் முதலில் எழுதுங்கள், ஜெபம் பிறகு.

அப்புறம், தடித்த அட்டைப் பதிவேடு ஒன்று வாங்குங்கள். பிரஜாவுரிமைக்கு எங்கள் குடும்பம் அலைந்த காலத்தில், அப்பா இந்த நாட்டில் பிறந்தவர் என்று காட்டக் கையில் இருந்தது கோயில் பதிவேட்டிலிருந்து எடுத்த ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான். உங்கள் சபையில் பிறக்கும் பிள்ளைக்கும் அப்படி ஒரு வரி இருக்கட்டும். முதல் பக்கத்தில் அந்த 12 குடும்பங்களின் பெயரையும், தோட்டம், டிவிஷன், லய நம்பர் உட்பட, இந்த ஞாயிறே எழுதிவிடுங்கள்.