மெக்கட்ரானிக்ஸ் மாணவருக்கு மெட்டீரியல் பாடம் எதற்கு? லேப் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

கேட்டிருப்பது இது: "மெக்கட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். மெட்டீரியல்ஸ் பேப்பர் மெக்கானிக்கல்காரர்களுக்குத்தானே, நமக்கு எதற்கு? புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மெட்டீரியல் தேர்வு என்று ஓர் அத்தியாயம் கேட்கிறார்கள். எப்படித் தேர்வு செய்வது, லேப் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?"

முதல் பாதியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சேலத்தில் ஆட்டோமேஷன் மெஷின் செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்ததைப் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. "புரோகிராம் சரியில்லை, வந்து பாருங்க" என்று கூப்பிடும் இடங்களில் பல தடவை புரோகிராமில் ஒரு குறையும் இருக்காது. தப்பான மெட்டீரியலைத் தப்பான இடத்தில் போட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கலும் கண்ட்ரோலும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். நீங்களே "நமக்கு எதற்கு" என்று கேட்டால் எனக்குச் சுருக்கென்று படுகிறது.

உங்கள் புராஜெக்ட் ஏதோ ஒரு கை அல்லது கன்வேயராக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டெப்பர் மோட்டார், சில சென்சார்கள், 3டி பிரிண்டில் எடுத்த பிராக்கெட்டுகள். சென்சார் எலெக்ட்ரானிக்ஸ் சமாச்சாரம், அதில் மெட்டீரியலுக்கு என்ன வேலை என்றுதானே தோன்றுகிறது? உலோகம் பக்கத்தில் வருவதை உணரும் இண்டக்டிவ் ப்ராக்ஸிமிட்டி சென்சாரின் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள். 8 மி.மீ தூரத்தில் உணரும் என்று போட்டிருப்பது மைல்ட் ஸ்டீலுக்கு. எதிரே வரும் தகடு அலுமினியமாக இருந்தால் அந்தத் தூரம் பாதிக்கும் கீழே போய்விடும், 0.4 மடங்கு என்ற அளவில். எடை குறையட்டும் என்று யாரோ தகட்டை அலுமினியத்துக்கு மாற்றுவார்கள், மெஷின் நடுநடுவே எண்ணிக்கையை விடும், திட்டு வாங்குவது மெஷினை ஓட்டும் கண்ட்ரோலருக்கு (பி.எல்.சி) புரோகிராம் எழுதியவர். எடை பார்க்கும் லோட் செல்லும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஓர் உலோகக் கட்டையும் அதன்மேல் ஒட்டிய, நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜும். பாரம் வைத்தால் அந்தக் கட்டை எவ்வளவு வளையும், எடுத்தால் முழுசாகத் திரும்புமா என்பதுதான் எடையின் துல்லியம்.

சரி, என் அனுபவத்துக்கு வருகிறேன். இடத்தின் பெயரையும் மெஷின் செய்தவர் பெயரையும் சொல்லப் போவதில்லை.

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தேக்கி, அடியில் படிந்த ஈர மாவை வெட்டி எடுத்து மேலே அனுப்புவார்கள். அந்த ஈர மாவைச் சல்லடைக்கு அளவாக விடுவதற்கு ஒரு தானியங்கி கதவு போட்டிருந்தார்கள். ஸ்டெப்பர் மோட்டார், லீட் ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் 25 மி.மீ ஷாஃப்ட், அதில் நைலான் புஷ் (ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் வளையம்) வைத்து ஓடும் கதவு. வெயில் காலத்தில் மாட்டினார்கள், நன்றாக ஓடியது. சீசன் சூடுபிடித்து, அந்த ஹாலில் தண்ணீரும் ஈரக் காற்றும் நிரந்தரமான பிறகு கதவு பாதியில் நிற்க ஆரம்பித்தது. அது ஃபீட்பேக் இல்லாத ஸ்டெப்பர். கதவு நின்றாலும் கண்ட்ரோலருக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும். புரோகிராம் எழுதிய பையனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு வேகத்தைக் குறை, ஆக்ஸிலரேஷனை மாற்று என்று பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள். டிரைவரில் கரண்ட்டை ஏற்றி வைத்ததில் மோட்டார் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

நான் போனதும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கப்ளிங்கைக் கழற்றிவிட்டுக் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. மேஸ்திரியும் சேர்ந்து தள்ளி, கடைசியில் மர சுத்தியலால் தட்டித்தான் ஷாஃப்ட்டை உருவ முடிந்தது. ஸ்டோர் ரூமில் அதே டிராயிங்குக்குச் செய்த ஸ்பேர் புஷ் ஒன்று கவர் பிரிக்காமல் கிடந்தது. அதை ஷாஃப்ட்டில் மாட்டினேன், சொய்யென்று வழுக்கிக்கொண்டு போனது. கழற்றிய புஷ்ஷை அதே ஷாஃப்ட்டில் மாட்டப் பார்த்தால் வாயிலேயே நின்றுவிட்டது. அங்கேயே விஷயம் முடிந்தது.

நைலான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 தண்ணீரிலேயே கிடந்தால் தன் எடையில் 9 சதவீதம் வரை உறிஞ்சும். குடித்தால் உப்பும். வெளிப்பக்கம் இரும்பு ஹவுசிங்கில் இறுக்கி அடித்த புஷ் வெளியே எப்படி உப்ப முடியும்? எல்லாம் உள்பக்கம் வந்து ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். வாங்கியபோது விட்டிருந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"டெல்ரின் போடலாம்ங்க" என்றேன். அது அசிட்டால் வகைப் பிளாஸ்டிக். முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. "இதுவும் பிளாஸ்டிக்தானே, இதுவும் உப்பாதுன்னு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டேட்டாஷீட்டைக் காட்டி அவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்கு விருப்பமில்லை. டேட்டாஷீட்டில் இருப்பது சுத்தமான தண்ணீர். மில்லில் இருப்பது புளித்த மாவுத் தண்ணீர், அமிலத்தன்மை உள்ளது. அதனால் சோதனையை அவர் தண்ணீரிலேயே வைத்தேன்.

நைலான், டெல்ரின், அல்ட்ரா ஹை பாலிஎத்திலீன் மூன்றிலும் ஒரே அளவில் வளையங்கள் லேத்தில் கடைந்துகொண்டேன். தொட்டித் தண்ணீரையே கேனில் பிடித்து வந்து அதில் ஊறப் போட்டேன். எடை பார்க்கத் துல்லியமான தராசு வேண்டுமே! செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் 0.01 கிராம் காட்டும் தராசு உண்டு. ஊறப் போடும் முன் ஒரு எடை, அப்புறம் தினமும் காலையில் எடுத்துத் துணியால் ஒற்றி ஒரு எடை, மைக்ரோமீட்டரில் ஒரு அளவு. "அண்ணே, இந்த நாத்தத்தோட வெள்ளி வெக்கிற தட்டுல வெக்காதீங்க" என்று அவர் வேறு தட்டு கொடுத்தார். நைலான் வளையத்தின் எடையும் விட்டமும் நாளுக்கு நாள் ஏறின. டெல்ரினில் மாற்றம் கண்டுபிடிக்கவே சிரமம். அது முழுசாக ஊறினாலும் 1 சதவீதத்துக்குள்தான் உறிஞ்சும். பாலிஎத்திலீன் ஒன்றுமே குடிக்கவில்லை, ஆனால் அது மெத்தென்று இருப்பதால் அளவு துல்லியம் தேவைப்படும் புஷ்ஷுக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நோட்டுப் பக்கத்தையும் வளையங்களையும் மேசையில் வைத்ததும் முதலாளி மறுபேச்சுப் பேசவில்லை. டெல்ரின் புஷ் போட்டோம். வெயில் காலத்தில் சூட்டுக்கும் விரியும் என்பதால் இடைவெளியைச் சற்றுக் கூடுதலாக விட்டேன். டெல்ரின் இரும்பைப் போலச் சுமார் 9 மடங்கு விரியக்கூடியது. புரோகிராமைப் பழையபடியே திரும்பப் போடச் சொன்னேன். கதவு இன்றைக்கும் ஓடுகிறது. அந்தப் பையனின் புரோகிராம் ஆரம்பத்திலிருந்தே சரி. அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை, நான்தான் போன் செய்து சொன்னேன்.

இதைப் படித்துவிட்டுப் பாலிமர் படித்தவர்கள், "தண்ணீர் உறிஞ்சும் சோதனைக்கு ஏ.எஸ்.டி.எம் டி570 என்ற தர விதிமுறை இருக்கிறது, கேனில் ஊறப் போடுவதெல்லாம் சோதனையா" என்று கேட்கலாம். டி570 எனக்கும் தெரியும். சாம்பிளை முதலில் சூடேற்றிக் காயவைக்க வேண்டும், தண்ணீரின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்த வேண்டும், எல்லாம் சரி. இரண்டு கம்பெனி மெட்டீரியலை ஒப்பிட அது வேண்டும். எனக்குத் தேவைப்பட்டது ஒரே கேள்விக்குப் பதில்: இந்தத் தண்ணீரில், இந்த மூன்றில் எது உப்பாது? அதற்கு இது போதும். அதே சமயம் டெல்ரின் எங்கும் ஓடும் என்றும் நான் சொல்லவில்லை. குளோரின் கலந்த ப்ளீச்சிங் தண்ணீர் படும் இடத்தில் அது நாளடைவில் வெடித்து உதிரும், வலுவான அமிலமும் ஆகாது. இந்தக் கதவு இருந்த இடத்தில் இரண்டும் இல்லை என்று விசாரித்த பிறகுதான் போட்டேன்.

வாங்கியது நிஜமாகவே கேட்ட சரக்குதானா என்று பார்ப்பதும் சோதனைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பேர்போன ஊர் எங்கள் ஊர். இங்குள்ள உருக்காலையிலிருந்து நாட்டின் நாணயச் சாலைகளுக்கே வில்லைகள் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலேயே 304 என்று பில் போட்டு 200 வரிசைத் தகட்டைத் தள்ளிவிடும் கடைக்காரரைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் காந்தத்தை வைத்துக் காட்டுவார், "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்." 304இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 200 வரிசையில் விலை அதிகமான நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. மாறாக, அசல் 304ஐ மடித்தால் மடித்த இடத்தில் லேசாக ஒட்டும், அதை டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. காந்தத்தை நம்பாதீர்கள். மாங்கனீசைக் காட்டும் சொட்டுத் திரவம் விற்கிறார்கள், தகட்டில் ஒரு சொட்டு விட்டால் நிற மாற்றத்தில் தெரிந்துவிடும். பெரிய ஆர்டர் என்றால் எக்ஸ்ரே கன் வைத்திருக்கும் லேபில் காட்டுங்கள், தகட்டை வெட்டாமலே பார்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கன் கார்பனைக் காட்டாது. வெல்டிங்குக்குக் கார்பன் குறைந்த 304எல் தானா என்று தெரிய ஸ்பார்க் ஸ்பெக்ட்ரோமீட்டர் டெஸ்ட் வேண்டும். 200 வரிசை கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை. காய்ந்த இடத்தில் ஃபிரேமுக்குத் தாராளமாகப் போடலாம், அந்த விலைக்கு வாங்கி.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. புஷ்ஷுக்குப் பணம் கொடுப்பார்கள், மோட்டாருக்குக் கொடுப்பார்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்ததற்குக் கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்பார்கள். அந்த மில்லைச் சொல்லவில்லை, அவர் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். பொதுவாகச் சொல்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. பட்டறைகள் ஆட்டோமேஷனை விட்டுவிட்டு ஜன்னல் கிரில் அடிக்கப் போவதற்கு இதுதான் காரணம். புதிதாகப் படித்து வருகிறவர்கள் முதல் நாளிலிருந்தே பார்வைக் கட்டணத்தைத் தனியாக எழுதிப் பழகுங்கள்.

இனி உங்கள் புராஜெக்ட். கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் என்றால் முதலில் கேட்க வேண்டியது "உடையுமா" என்பதல்ல, "எவ்வளவு வளையும்" என்பது. இஎன்8 ஸ்டீலுக்குப் பதில் அதைவிடப் பலமான இஎன்24 ஸ்டீல் போட்டால் வளைவது குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. எல்லா ஸ்டீலுக்கும், விறைப்பைச் சொல்லும் யங் மாடுலஸ் சுமார் 200 கிகாபாஸ்கல்தான். பலம் கூடும், விறைப்பு கூடாது. அலுமினியத்துக்கு 70. அப்படியென்றால் ஸ்டீல்தான் நல்லதா? இழுவிசை மட்டும் தாங்கும் கம்பிக்கு, எடைக்கு எடை பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். வளையும் கைக்கு மாடுலஸின் வர்க்கமூலத்தை அடர்த்தியால் வகுத்துப் பார்க்க வேண்டும், அதில் அலுமினியம் ஸ்டீலைத் தாண்டிவிடும். மாடுலஸையும் அடர்த்தியையும் சேர்த்துக் காட்டும், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆஷ்பி போட்ட வரைபடங்கள் இதற்குத்தான். உங்கள் அத்தியாயத்தில் அதைப் போட்டு, உங்கள் கைக்கு எந்தக் கோடு பொருந்தும் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

பிராக்கெட் பி.எல்.ஏ பிளாஸ்டிக் என்றால் கவனம். சுமார் 60 டிகிரியில் அது இளகத் தொடங்கும். ஸ்டெப்பர் மோட்டாரின் உடம்பு அதைச் சாதாரணமாகத் தாண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்துக் கொண்டுபோனால் வைவா அறைக்குக் கோணலாகத்தான் வந்து சேரும். மோட்டாரை ஒட்டிய பாகத்தை மட்டுமாவது ஏ.பி.எஸ்ஸில் எடுங்கள், அது 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இளகத் தொடங்கும்.

லேப் இல்லை என்கிறீர்கள். ஒரு பட்டையை ஒரு முனையில் வைஸில் கடித்து, மறுமுனையில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, டயல் கேஜில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பாரத்தை நீளத்தின் மும்மடியால் பெருக்கி, இறக்கத்தையும் குறுக்குவெட்டின் ஐ (மொமென்ட் ஆஃப் இனர்ஷியா) மதிப்பையும் 3 என்ற எண்ணையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் மாடுலஸ் வந்துவிடும். அலுமினியத்துக்கு 70க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் அளவு சரி, அதே அமைப்பில் பிரிண்ட் எடுத்த பட்டையையும் சோதிக்கலாம். பிளாஸ்டிக்கை எடையோடு இரவு முழுக்க விட்டுக் காலையில் மறுபடி கேஜைப் பாருங்கள். இன்னும் இறங்கியிருக்கும், அந்த அளவையும் எழுதுங்கள்.

இழுவிசைச் சோதனை வேண்டுமென்றால் உங்கள் கல்லூரியிலேயே சிவில் அல்லது மெக்கானிக்கல் லேபில் சாம்பிளை இழுத்து உடைத்துப் பார்க்கும் யூ.டி.எம் மெஷின் இருக்கும், பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உலோகத்துக்கு ஐ.எஸ் 1608 என்ற இந்தியத் தர விதிமுறையில் சொன்ன வடிவத்தில் சாம்பிள் வெட்டுங்கள். பிரிண்ட் எடுத்த சாம்பிள் என்றால் படுக்கையாக எடுத்தவை, நிற்கவைத்து எடுத்தவை என இரண்டு வகையும் கொண்டுபோங்கள். நிற்கவைத்து எடுத்தது அடுக்குக்கு அடுக்கு பிய்ந்து சீக்கிரம் போகும். எது எந்தத் திசை என்று சாம்பிளின் மேலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள், உடைந்த பிறகு பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.